முகக்கவசத்தை இறக்கிய ஒன்பது நாள்

இல்லத்தில் அவளை எல்லோரும் ரயிலு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்கு ரயிலக்கா. பெயர்க் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தின் இந்த முனையில் பெட்பேனோடு நிற்பாள். நீங்கள் மூக்கைச் சொறிந்துவிட்டு நிமிர்வதற்குள் அந்த முனையில் தலையணை உறையோடு நிற்பாள். பதினொரு வருடமாக அந்த முதியோர் இல்லத்தின் மாடியில் வேலை. குளிப்பாட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. "நர்ஸா இருக்கீங்களா?" என்று யாராவது மரியாதையாகக் கேட்டால், "இல்லைங்க, நர்ஸு ஊசி போடுவாங்க, அதுக்கப்புறம் கிடைக்கிற திட்டை நான் வாங்கிக்குவேன்" என்பாள்.

தொற்று வந்து மூன்றாவது மாதம். மாடியில் இருபத்திரண்டு பேர். ஆறு பேர் பார்த்த வேலையை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாமியாருக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருத்தி ஒன்றுமே சொல்லவில்லை, போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மிச்சமிருந்தவர்கள் பிளாஸ்டிக் அங்கிக்குள், இரண்டு கிளவுஸுக்குள், முகக்கவசத்துக்கும் அதன்மேல் கண்ணாடித் தடுப்புக்கும் பின்னால் வெந்துகொண்டிருந்தார்கள். கிளவுஸைக் கழற்றினால் வியர்வை குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். தண்ணீர் குடிக்கவேண்டுமென்றால் அத்தனையையும் கழற்ற வேண்டும். அதனால் யாரும் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் கழிவறைக்கும் போகவேண்டாம், நேரம் மிச்சம்.

துணி அறை என்று ஒன்று உண்டு. மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் சின்ன அறை, சன்னல் கிடையாது. அழவேண்டியவர்கள் அங்கேதான் போவார்கள். ஒரு நேரத்தில் ஒருத்தர். உள்ளே போனவரை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சலவை வேலை பார்க்கும் பெண், எல்லோரும் சோப்பு என்று கூப்பிடுகிறவள், அந்த அறைக்குப் பொறுப்பாளி. "வரிசையா வாங்க, அழுகைக்கு எல்லாம் அவசரப்படக் கூடாது" என்பாள். அறைக் கதவில் நிர்வாகம் ஒட்டிய ஒரு தாள் இருந்தது. மன அழுத்தம் வந்தால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நாலு எண்ணும்வரை விட வேண்டுமாம்.

"இதுக்குள்ள எங்க இழுக்கறது? விட்ட மூச்சையேதான் திரும்ப இழுக்கறேன்" என்பாள் சோப்பு, தன் முகக்கவசத்தைத் தட்டிக்காட்டி.

ரயிலு அந்த அறைக்குள் போனால் அழமாட்டாள். மடித்த விரிப்புகளைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அழுவதென்றால் சும்மா உட்கார வேண்டும். அது அவளுக்கு ஆகாது.

இந்த நிலைமையில்தான் எட்டாம் அறை போஸ்ட்மேன் ஐயா சாப்பிடுவதை நிறுத்தினார்.

எண்பத்தொரு வயது. முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். இப்போது ஞாபகம் என்பது அவருக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான். மகள் வந்தால் "யாருக்குக் கடிதம்?" என்று கேட்பார். மிக்ஸியில் அடித்த சாப்பாட்டைத்தான் விழுங்க முடியும். அதையும் ஊட்டத்தான் வேண்டும். ஸ்பூன் எதற்கு என்பது அவருக்கு மறந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஊட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வரும். ஸ்பூனை எதிரில் கொண்டுபோகும்போது ஊட்டுகிறவளின் வாய் முதலில் திறக்கும். சின்னக் குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். பிள்ளை வாயைத் திறக்கிறதோ இல்லையோ, சுற்றி நிற்கிற நாலு பேரும் திறந்துகொண்டு நிற்பார்கள். போஸ்ட்மேன் ஐயா சாப்பிட்டது அந்தப் பழக்கத்தால்தான். ஸ்பூனை அவர் பார்ப்பதே இல்லை. ரயிலுவின் வாயைப் பார்ப்பார். அது திறந்தால் இதுவும் திறக்கும். அது மூடி மென்றால் இதுவும் மூடி விழுங்கும். இரண்டு வருடமாக அவள் அவருக்கு முன்னால் காற்றைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

முதல் இரண்டு மாதம் ஊட்டும்போது கண்ணாடித் தடுப்பு மட்டும் போதும் என்றிருந்தார்கள்; அதன் பின்னால் முகக்கவசமும் வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அந்த வாய் காணாமல் போயிற்று. அவர் எதிரே இரண்டு கண்ணும் ஒரு நீலத் துணியும்தான். அவர் உதட்டைப் பூட்டிக்கொண்டார்.

ரயிலு என்னென்னவோ செய்து பார்த்தாள். "ஆ... ஆ..." என்று சத்தம் கொடுத்தாள், அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார், பல்வலி என்று நினைத்திருப்பார். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் முகக்கவசத்தின்மேல் திறந்த வாய் ஒன்றை வரைந்துகொண்டு போனாள்.

"பேய் மாதிரி இருக்குக்கா. எனக்கே பசி போயிருச்சு" என்றாள் சோப்பு.

வாய் தெரிகிற மாதிரி நடுவில் பிளாஸ்டிக் வைத்த முகக்கவசம் ஒன்று இருக்கிறது, அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்றார் பெரிய சிஸ்டர். பெரிய என்பது நாற்காலிக்கு. வயதில் ரயிலுவைவிடப் பத்து வருடம் சின்னவர். எப்போது வரும் என்று கேட்டால், "எல்லா இடத்துலயும்தான் கேக்கறாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ குறைந்திருந்தது. அந்த உடம்பில் இரண்டு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

"இப்படியே போச்சுன்னா மூக்கு வழியா டியூப் போடணும். அதுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்" என்றார் பெரிய சிஸ்டர்.

அந்த மாதம் மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மூன்று பேர். மூன்று கட்டிலும் காலியாகத்தான் இருந்தன.

மறுநாள் காலை எட்டாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள் ரயிலு. கண்ணாடித் தடுப்பு இருக்கிறதே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, அதன் பின்னால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். ஸ்பூனைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள்.

கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

மூன்று நொடி இறக்குவாள், ஏற்றுவாள். மறுபடி இறக்குவாள். முப்பது ஸ்பூன். கிண்ணம் காலி. காலி கிண்ணத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு கதவைப் பார்த்தாள். செய்தது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்த அறையில் இன்னொருவரும் உண்டு. பட்டாளம் என்று கூப்பிடுவார்கள், முன்னாள் ராணுவக்காரர். படுத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் பெரிய சிஸ்டரிடம், "இன்னைக்கு ஒரு பொம்பளை மூஞ்சியைப் பாத்தேன். முழுசா. மூக்கு, வாய் எல்லாம் இருந்துச்சு" என்றார். பட்டாளம் முந்தின வாரம்தான் குளியலறையில் எதிரிப்படை ஒளிந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதனால் பெரிய சிஸ்டர், "அப்படியா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே ஒன்பது நாள், மூன்று வேளையும் நடந்தது. அவளுடைய முறை இல்லாத இரவுச் சாப்பாட்டுக்கும் இருந்து ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு எடை முக்கால் கிலோ ஏறியிருந்தது. சாப்பாட்டின் பதத்தை மாற்றியதுதான் காரணம் என்று சமையல்காரர் சொன்னார். பெரிய சிஸ்டர் அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சமையல்காரரும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசற்படியிலேயே சோப்புத்தண்ணீர் வாளியில் துணியைப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு, ஹாலில் தனிப் பாயில் ஒதுங்கிப் படுப்பாள். கணவர் பேருந்து ஓட்டுநர். பேருந்து எல்லாம் டிப்போவில் நிற்க, அவர் வீட்டில் சமையலறையை ஓட்டிக்கொண்டிருந்தார், அடிக்கடி எங்காவது இடித்துக்கொண்டு. மகள் உள்ளறையில் கணினிக்கு முன்னால் கல்லூரி படித்தாள். ரயிலு இருமினால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவள் இருமலை விழுங்கப் பழகிக்கொண்டாள்.

"கழுவின தரையையே எத்தனை தடவை கழுவுவே? தேஞ்சு கீழ் வீடு தெரியப்போகுது" என்றார் கணவர்.

"உங்களுக்கு என்ன, வண்டியும் நிக்குது, நீங்களும் நிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி துடைத்தாள்.

வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, ஊழியர்கள் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. புதன் காலை பதினொரு மணிக்கு அவள் ஒரு பாட்டிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய சிஸ்டர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலேயே நின்று அவளைக் கூப்பிட்டார். கிட்டே வராமல் கூப்பிட்டதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்கு பாசிட்டிவ் வந்திருக்கு. காய்ச்சல், தொண்டைவலி ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்."

"நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கு. ஒரு கேள்வி கேக்கணும், ஃபார்ம்ல இருக்கு. மாஸ்க் இல்லாம யார் பக்கத்துலயாவது பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்தீங்களா?"

கேள்வியில் பதினைந்து நிமிடம் என்று ஒன்று இருந்தது. ரயிலு அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஸ்பூனுக்கு மூன்று நொடி. முப்பது ஸ்பூன். ஒன்றரை நிமிடம்.

"இல்ல சிஸ்டர்" என்றாள்.

பெரிய சிஸ்டர் எழுதிக்கொண்டார். துவட்டின துண்டை வாளியில் போட்டுவிட்டுப் பின்படி வழியாக இறங்கச் சொன்னார். பாட்டியின் தலை பாதி ஈரமாகவே இருந்தது.

வீட்டில் படுக்கையறையை அவளுக்கு ஒதுக்கிவிட்டு, கணவரும் மகளும் ஹாலுக்கு மாறினார்கள். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். சாப்பாட்டை அதில் வைத்துவிட்டுக் கணவர் கதவைத் தட்டிவிட்டு ஓடுவார். பதினாலு நாள் இப்படி. சுவருக்குச் சுவர் ஒன்பது அடி. அதில் அவள் நடந்தாள்.

நடக்கும்போதுதான் கணக்கு வேறு மாதிரி வந்தது. ஒரு வேளைக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒன்பது நாள். நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம் அந்தக் கிழவரின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இல்லத்தின் வழக்கம் அவளுக்குத் தெரியும். முகக்கவசம் இல்லாமல் நெருங்கியவர் யார் என்று தெரிந்தால் அவரை அன்றைக்கே தனி அறைக்கு மாற்றிப் பரிசோதிப்பார்கள். தெரியாவிட்டால் காய்ச்சல் வந்த பிறகுதான். அதுவரை அவர் பட்டாளத்தின் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருப்பார். பட்டாளத்துக்கு நுரையீரல் ஏற்கெனவே ஓட்டை.

சொன்னால் வேலை போகலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட, சொல்லிவிட்டால் தான் என்ன செய்தேன் என்பது உண்மையாகிவிடும். சொல்லாதவரைக்கும் அது ஒரு கிண்ணம் சாப்பாடுதான்.

வியாழன் காலை சோப்புக்குப் போன் போட்டாள்.

"போஸ்ட்மேன் சாப்பிட்டாரா?"

"எங்கக்கா. நேத்து மத்தியானம் ஒண்ணும் இல்ல, ராத்திரி ஒண்ணும் இல்ல, இன்னைக்கும் வாயைத் திறக்கலை. உங்களைத் தேடறாரு போல. சமையல்காரர் மறுபடி பதத்தை மாத்தறேன்னு மிக்ஸியைப் போட்டு உடைச்சுட்டாரு."

"சிஸ்டர் என்ன சொல்றாங்க?"

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் ஆஸ்பத்திரிதான். அக்கா, நீங்க எப்படித்தான் ஊட்டினீங்க? ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லுங்க."

ரயிலு போனை வைத்தாள். மத்தியானம் ஸ்டூலில் வைத்த தட்டு அப்படியே இருந்தது. கணவர் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"சாப்பாடு அவ்வளவு மோசமா?"

"உங்க சாப்பாடு எப்பவும் இருக்கறதுதான். நான் ஒண்ணு சொல்லணும்."

கதவைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். கதவு நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கமாட்டாள். கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ சொல்லலைன்னா யாருக்கு என்ன ஆகும்?" என்றார் பிறகு.

"பக்கத்துக் கட்டில்ல பட்டாளம் இருக்காரு. அப்புறம் அவரைத் தொடறவங்க எல்லாரும். சோப்பும்தான்."

"அப்ப எங்கிட்ட கேக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"நான் கேக்கலையே. சொன்னேன்."

"சரி. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. வேலை போனா போகுது, ரெண்டு பேருமா உக்காந்து இந்தத் தரையைக் கழுவலாம்."

அவள் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், அந்த ஃபார்ம்ல ஒண்ணு தப்பா எழுத வெச்சுட்டேன்."

ரயிலு சொன்னதை எல்லாம் பெரிய சிஸ்டர் கேட்டார். பிறகு, "எத்தனை நாள்?" என்றார்.

"ஒன்பது."

"ஒரு வேளையா?"

"எல்லா வேளையும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவீங்க."

"ஆமா. சொல்லுவேன்."

"அதான் சொல்லலை."

பெரிய சிஸ்டர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. கதவில் ஒட்டின தாளில் போட்டிருக்கிற மாதிரி அல்ல, அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி.

"எடை ஏறினதுக்கு நான் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கை தட்ட வெச்சேன்" என்றார். "எல்லார் முன்னாடியும். நீங்களும் தட்டினீங்க."

"தட்டினேன் சிஸ்டர்."

"உங்களை நான் என்ன செய்யணும்னு எனக்கே தெரியலை. இருபத்திரண்டு பேரு. நாலு பேரு இருந்தீங்க, இப்ப மூணு. நான் மூணு நாளா வீட்டுக்குப் போகலை. இப்ப நீங்க போன் பண்ணி..." பேச்சு நின்றது. அவர் துணி அறையில் இருக்கிறார் என்று ரயிலுவுக்குப் பட்டது. அங்கே மட்டும்தான் குரல் அப்படி அமுங்கிக் கேட்கும். "நான் எழுதித்தான் ஆகணும். ரிப்போர்ட் மேல போகும். அவரு மகள்கிட்டயும் சொல்லணும்."

"எழுதுங்க. மகள்கிட்ட நானே சொல்றேன். சிஸ்டர், அதுக்கு முன்னாடி இன்னொண்ணு."

"இன்னும் இருக்கா?"

"நான் இப்ப வீட்ல இருக்கேன். எனக்கு மாஸ்க் கிடையாது. என் வாய் சும்மாதான் இருக்கு. பார்வையாளருக்குப் போன் பேச வெச்சிருக்கீங்கல்ல அந்த டேப்லெட், அதை அவரு முன்னாடி வைங்க. சோப்பு ஸ்பூனைப் பிடிக்கட்டும்."

பெரிய சிஸ்டர் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. போஸ்ட்மேன் ஐயாவைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் மூக்கில் குச்சி விட்டதில் கோபமாக இருந்தார். டேப்லெட் தண்ணீர் ஜாடிமேல் சாய்ந்திருந்தது. முதலில் அவருடைய மோவாயும் கூரையும்தான் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வை. நான் பெருசாத் தெரியணும். ஸ்பூனை என் வாய்க்குக் கீழ கொண்டு வா."

"அக்கா, உங்க வாய் டேப்லெட்டுக்குள்ள இருக்கு."

"அதுக்குக் கீழதான் சொல்றேன்."

கணவர் செய்த எதையோ ஒரு ஸ்பூனில் எடுத்து, வாயைத் திறந்து, உள்ளே போட்டு மென்றாள் ரயிலு. காற்றைத் தின்று பழகியவளுக்கு நிஜச் சாப்பாடு விக்கியது. கிழவர் பார்த்தார். கண் சுருங்கியது. வாய் கொஞ்சமாகத் திறந்தது. சோப்பு தவறவிட்டாள். மறுபடி. இந்தத் தடவை உள்ளே போயிற்று.

ஆறு ஸ்பூன். அதற்குமேல் அவர் தூங்கிவிட்டார். டேப்லெட்டைத் திருப்பியபோது சோப்பின் கண் ஈரமாக இருந்தது. "துணி அறை வரிசையில நிக்காம இங்கயே அழுது முடிச்சுட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பட்டாளத்துக்கு இல்லை. போஸ்ட்மேன் ஐயாவுக்கு இருந்தது. லேசான காய்ச்சலும் வந்திருந்தது. அன்று காலை டேப்லெட்டில் ரயிலு வாயைத் திறந்து காட்டியும் இரண்டு மூன்று ஸ்பூன்தான் போயிற்று.

"உங்ககிட்ட இருந்துதான்னு சொல்ல முடியாது" என்றார் பெரிய சிஸ்டர். "கீழ் மாடியில பிசியோ பண்றவருக்கும் இருக்கு. அவரும் போன வாரம் எட்டாம் ரூமுக்கு வந்திருக்காரு. இனி யாருக்கும் தெரியப் போறதில்லை."

ஆறுதல் என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். ரயிலுவுக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. நான்தான் என்றால் தலையைக் குனிந்துகொள்ளலாம். நான் இல்லை என்றால் நிமிர்ந்துகொள்ளலாம். கழுத்தை எந்தப் பக்கம் வைப்பதென்றே தெரியாமல் அவள் அறைக்குள் நடந்தாள். எழுத்து மூலமான எச்சரிக்கைக் கடிதம் போனிலேயே வந்தது. திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போகவில்லை. ஆள் இல்லாததால் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

போஸ்ட்மேன் ஐயாவின் மகளைக் கூப்பிட மத்தியானம் ஆயிற்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், ரயிலுவைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். தினமும் நாலு மணிக்கு அப்பாவோடு டேப்லெட்டில் பேசுவாள். பேசுவாள் என்றால் இவள் பேசுவாள், அழுவாள், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். ரயிலு சுற்றி வளைக்காமல் சொன்னாள். சுற்றி வளைக்க அவளுக்கு வரவும் வராது.

"எங்கப்பா முன்னாடி மாஸ்க்கைக் கழட்டினீங்களா?"

"ஆமாங்க."

"நான் இங்க கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு மருந்து விக்கறேன். மூணு மாசமா அவரைத் தொடலை. கீழ தெருவுல நின்னு சன்னலைப் பாத்துக் கை காட்டிட்டுப் போறேன். எதுக்குன்னு நினைச்சீங்க?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

"அவரு சாப்பிடலைங்க. வேற வழி எனக்குத் தோணலை. தோணினப்ப லேட்டாயிருச்சு."

"நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து காட்டணும்னு எனக்கு யாரு சொன்னா? ரெண்டு வருஷமா அவரு எப்படிச் சாப்பிடறாருன்னே எனக்குத் தெரியாது."

அது சரியான கேள்வி.

"என்னால இப்ப உங்ககிட்ட பேச முடியலை" என்றாள் அந்தப் பெண். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தபோது திரையில் மூன்று கட்டம் இருந்தது. ஒன்றில் கிழவர், காய்ச்சலில் கன்னம் சிவந்து. ஒன்றில் ரயிலு. மூன்றாவதில் கிழவரின் மகள், கடையின் பின்னறை மாதிரி ஓரிடத்தில், பின்னால் அட்டைப்பெட்டிகள். ரயிலுவுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அப்பா, வாயைத் திறங்கப்பா. நான்தாம்ப்பா. கொஞ்சம் சாப்பிடுங்கப்பா. காய்ச்சல்ல சாப்பிடலைன்னா எப்படிப்பா..."

கிழவர் கூரையைப் பார்த்தார். இன்றைக்குச் சனிக்கிழமை. இன்று சாப்பிடாவிட்டால் ஆம்புலன்ஸ். சோப்பு ஸ்பூனைப் பிடித்தபடி நின்றாள். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். மூன்று நிமிடம் ரயிலு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"பேசாதீங்க" என்றாள்.

மகள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"பேசினா வாய் ஆடிக்கிட்டே இருக்கும்ங்க. அவருக்கு எது திறக்கறது, எது பேசறதுன்னு புரியாது. அழவும் வேணாம், அழுதா உதடு கோணும். பக்கத்துல ஏதாவது சாப்பிட இருக்கா?"

"ரொட்டி இருக்கு."

"நிஜமா சாப்பிடுங்க. நடிக்காதீங்க, கண்டுபிடிச்சுருவாரு. நீங்க காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. மெதுவாத் திறங்க. திறந்து ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருங்க, அவரு வந்து சேர நேரம் ஆகும்."

மகள் அவளை முறைத்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து, வாயைத் திறந்து, வைத்திருந்தாள். மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கவில்லை. ரயிலு தன் பக்கத்துக் காமிராவைக் கையால் பொத்திக்கொண்டாள். அவருக்குப் பார்க்க ஒரு வாய்தான் இருக்க வேண்டும்.

கிழவரின் கண் கூரையிலிருந்து இறங்கி வந்தது. மகளின் முகத்தில் நின்றது. யாருக்குக் கடிதம் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.

நாலு ஸ்பூன். ஐந்து. மகள் ரொட்டியை அவர் வேகத்துக்கு மென்றாள். ஒன்பதாவது ஸ்பூனில் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சோப்பு, "போதும்ங்கறாரு" என்றாள்.

"மத்தியானம் ஒரு மணிக்கு நானே வரேன்" என்றாள் மகள் சோப்பிடம். "மூணு வேளையும் நானே பாத்துக்கறேன். கடையில சொல்லிட்டேன்." பிறகு, பொத்திவைத்திருந்த கட்டத்தைப் பார்த்து, "நீங்க வர வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் தீர்ந்தும் சொல்லவில்லை.

"சரிங்க" என்றாள் ரயிலு.

திரை அணைந்தது. இன்னும் பதினோரு நாள் இந்த அறைக்குள். ஊட்ட ஆள் இல்லை, மடிக்க விரிப்பு இல்லை. ஒரு மணி அடித்தபோது அவள் நடுவறையில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றே காலுக்கு சோப்புக்குச் செய்தி அனுப்பினாள்: எத்தனை ஸ்பூன்?

பதினொண்ணு, என்று வந்தது. காய்ச்சலும் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆம்புலன்ஸ் வேணாம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க.

படித்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். பதினொன்றில் அவர் நிற்கமாட்டாரே. அவர் திரும்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம் இல்லை. வாயோரம் வழிந்திருக்கும், அது அவருக்குப் பிடிக்காது. துடைத்துவிட்டால் இன்னும் ஐந்து போகும். அதை அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? தட்டச்சு செய்தாள்: திரும்பினா வாயைத் துடைச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணு. மகள்கிட்டயும் சொல்லு, அவங்களும் தன் வாயைத் துடைக்கட்டும். நான் சொன்னதா சொல்லாதே, நீ சொல்ற மாதிரி சொல்லு.

எப்பவும் அப்படித்தானே அக்கா, என்று சோப்பு பதில் போட்டாள். உங்க புத்தி எல்லாம் என் புத்தின்னுதான் இங்க பேரு.

ரயிலு போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே ஸ்டூலில் தட்டு வைக்கிற சத்தமும், கணவர் ஓடுகிற சத்தமும் கேட்டன. கதவைத் திறக்கக் கை நீட்டியவள் நின்றாள். திரும்பி வந்து போனை எடுத்தாள். தண்ணீரை எப்போது கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை.